ஆட்டோரன்ஸ்: உளவாளியைப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஐந்துக்கு நாலரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினியில் தானாகக் கிளம்பும் நிரல்களைப் பட்டியல் போடும் இந்தக் கருவி என் உளவாளியைக் கண்டுபிடித்துத் தரவில்லை. அதைச் செய்தது ஒரு கணக்கு நோட்டும் என் அண்ணன் மகன் போனில் கேட்ட ஒரே ஒரு கேள்வியும்தான். பிறகு எதற்கு நாலரை மதிப்பெண் என்றால், கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள். பதிப்பகம் கேட்கும், கொட்டேஷன் அனுப்புவேன், ஒத்துவந்தால் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை இன்னொருவரோடு கூட்டாகச் செய்துகொண்டிருந்தேன். பிறகு பிரிந்துவிட்டோம். சண்டை என்றெல்லாம் இல்லை, பேச்சு நின்றுபோனது. போன வருடம் நடுவில்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் விலை சொன்ன இடங்களில் அவர் என்னைவிட ஒரு துளி குறைவாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொண்டிருந்தார். பாதி விலைக்கு இறங்கியிருந்தால் போட்டி என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு, பக்கத்துக்கு இருபதில் ஒரு பங்கு குறைவு. ஒரு பதிப்பாளர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டுத்தான் விலை சொல்றீங்களா?" அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

என் கணினிக்குள் ஏதோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முடிவே செய்துவிட்டேன். கேமரா மேல் தாள் ஒட்டினேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லை ஒரே வாரத்தில் மூன்று தடவை மாற்றினேன். எங்கே உட்கார்ந்து மாற்றினேன்? எந்தக் கணினியைச் சந்தேகப்பட்டேனோ அதே கணினியில். தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் கீலாகர் ஒன்று உண்மையிலேயே உள்ளே இருந்திருந்தால், மூன்று கடவுச்சொற்களும் சுடச்சுடப் போய்ச் சேர்ந்திருக்கும். இதை யாரும் செய்ய வேண்டாம். சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது வேறொரு கருவியில், நம்பக்கூடிய ஒன்றில்.

அப்புறம் காசு கொடுத்து ஓர் உளவு எதிர்ப்பு மென்பொருள் வாங்கினேன். பெயர் வேண்டாம். நிறுவிய பத்தாவது நிமிடத்தில் சிவப்பு எழுத்தில் 1,284 அச்சுறுத்தல்கள் என்று காட்டியது. கை நடுங்கிவிட்டது. நிதானமாகப் பட்டியலைத் திறந்தால், 1,270-க்கு மேல் குக்கிகள். விளம்பரக்காரர்கள் நம்மைத் தொடர உலாவியில் விட்டுவைக்கும் துண்டுக் கோப்புகள். அவை நல்லவை என்று சொல்லவில்லை. ஆனால் குக்கி என் கொட்டேஷனைப் படித்து யாருக்கும் அனுப்பாது. மீதி பத்துப் பன்னிரண்டு, பழைய நிரல்களின் மிச்சங்கள். "சரிசெய்" பொத்தானை அழுத்தினேன், பூஜ்யம் ஆனது. மறுநாள் உலாவியைத் திறந்ததும் மறுபடி 212. பயத்தை வாடகைக்கு எடுத்த மாதிரி இருந்தது.

இந்த வியாபார முறை புதிதல்ல என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் கணினியை இலவசமாகச் சோதித்துத் தருவதாக ஒரு நிரலை ஓட்டினார்கள். ஆரம்பத்தில் நாலு கேள்வி: மெதுவாக ஓடுகிறதா, விளம்பரங்கள் குதிக்கின்றனவா என்பது போல. ஒன்றுக்காவது ஆம் என்று குறியிட்டால் போதும், சோதனையில் எது வந்தாலும் தீநிரல் அறிகுறி என்று காட்டிவிடும். நுகர்வோரை ஏமாற்றுவதைத் தடுக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்ததில், அந்தக் கடை நிறுவனமும் நிரலைத் தந்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் 2019-இல் மொத்தம் 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. நான் வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் படித்தபோது என் சிவப்பு எழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

இந்த நிலையில்தான் ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியதிலிருந்து அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ருசினோவிச் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சோனி பிஎம்ஜி விற்ற இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டால், தன்னை மறைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் சத்தமில்லாமல் ஏறிக்கொள்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்து எழுதியவர் அவர். மறைந்திருப்பதைத் தேடிப் பழகிய கை.

கருவி செய்வது ஒரே வேலை. விண்டோஸ் தொடங்கும்போதும் நாம் உள்நுழையும்போதும் தானாகக் கிளம்பும் எல்லாவற்றையும் பட்டியல் போடும். உளவு நிரல் என்ன மாயம் செய்தாலும், கணினியை அணைத்துப் போட்ட பிறகு மறுபடி எழுந்திருக்க அதற்கு எங்காவது ஒரு இடம் வேண்டுமல்லவா? அந்த இடங்களைத்தான் இது வரிசையாகத் திறந்து காட்டுகிறது. நிறுவவே வேண்டாம். இறக்கி, விரித்து, நிர்வாகியாக இயக்கினால் போதும்.

திறந்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. தாவல்கள் ஒரு வரிசைக்கு மேல், வரிகள் நூற்றுக்கணக்கில், ஒன்றுகூடப் புரியவில்லை. யாரும் சிவப்பில் கத்தவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. "இந்தா, உன் வீட்டுச் சாவி வைத்திருப்பவர்களின் பட்டியல், நீயே பார்த்துக்கொள்" என்கிற தோரணை. அரை மதிப்பெண்ணை இங்கேதான் வெட்டினேன்.

விருப்பங்களில் மைக்ரோசாஃப்ட் உள்ளீடுகளை மறைக்கச் சொன்னதும் பட்டியல் 41 வரிகளாகச் சுருங்கியது. 41 என்பது ஒரு மனுஷி ஒரு மாலையில் படிக்கக்கூடிய எண்ணிக்கை. மஞ்சள் நிறத்தில் இருப்பவை, பதிவு இருந்தும் கோப்பு காணாமல் போனவை; என் கணினியில் ஏழு, எல்லாம் எப்போதோ நீக்கிய நிரல்களின் தடம். இளஞ்சிவப்பில் இருப்பவை, வெளியீட்டாளர் யார் என்று கையொப்பம் இல்லாதவை. அவைதான் உற்றுப் பார்க்க வேண்டியவை. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று பழைய எழுத்துரு மாற்றி, இன்னொன்று ஸ்கேனரோடு வந்தது.

ஸ்கேன் விருப்பங்களில் வைரஸ்டோட்டல் சோதனையையும் இயக்கலாம். ஒவ்வொரு கோப்பின் கைரேகை போன்ற ஒரு எண்ணை அனுப்பி, எழுபதுக்கும் அதிகமான வைரஸ் எதிர்ப்பு நிரல்களில் எத்தனை அதைக் குற்றம் சொல்கின்றன என்று ஒரு பத்தியில் காட்டும். 0/71 என்று வரிசையாகப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, மறுக்க மாட்டேன். பக்கத்திலேயே, தெரியாத கோப்புகளை அப்படியே பதிவேற்றச் சொல்லும் இன்னொரு குறிப்பெட்டி உண்டு. அதைத் தொடாதீர்கள். வைரஸ்டோட்டலுக்குப் போகும் கோப்பைப் பிறரும் பார்க்க வழி இருக்கிறது. உளவுக்குப் பயந்து உள்ளதை வெளியே அனுப்புவானேன்?

பட்டியலின் இருபத்தி எட்டாவது வரியில் என் மூச்சு நின்றது. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஒரு மென்பொருள், விண்டோஸோடு கூடவே எழுந்துகொள்ளும் சேவையாக உட்கார்ந்திருந்தது. கையொப்பம் சரி. வைரஸ்டோட்டலில் 0/71. ஏனென்றால் அது வைரஸ் இல்லை, கடையில் விற்கும் நியாயமான பொருள். இதை நன்றாகக் கவனியுங்கள்: பூஜ்யம் என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. பூட்டுத் திறக்கிறவரிடம் அடையாள அட்டை இருப்பது வேறு, அவர் ஏன் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்பது வேறு. இதை யார் போட்டார்கள் என்று யோசித்தேன். கணக்கு மென்பொருள் தகராறு செய்தபோது உதவிக்கு வந்த ஒருவர், ஒன்றரை வருடத்துக்கு முன்பு, "நானே அங்கிருந்து பார்த்துடறேன் மேடம்" என்று போட்டது. வேலை முடிந்ததும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இவர்தான் என்று உறுதியாக நம்பினேன், சுமார் இருபது நிமிடம். பிறகு அந்த நிரலின் பதிவுக் கோப்பைத் தேடித் திறந்தேன். கடைசி இணைப்பு, அவர் பழுது பார்த்த அதே நாள். அதற்குப் பிறகு யாரும் நுழையவில்லை. ஆட்டோரன்ஸில் குறியை எடுத்துவிட்டேன். குறியை எடுத்தால் அடுத்த முறை கிளம்பாது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டுதான் இருக்கும், மறுதொடக்கம் செய்ய வேண்டும். அப்புறம் நிரலையே முறைப்படி நீக்கினேன்.

கருவிக்கு எட்டாத இடங்களும் உண்டு. விசைப்பலகைக் கம்பிக்கும் கணினிக்கும் நடுவே செருகிவைக்கும் விரல் நுனி அளவு கீலாகர்கள் இருக்கின்றன. அவை எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு மேசைக்கு அடியில் ஊர்ந்துதான் போக வேண்டும். போனேன். தூசியும், மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பென்டிரைவும் கிடைத்தன. விண்டோஸுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ரகங்களுக்காக விண்டோஸோடு வரும் வைரஸ் எதிர்ப்பு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையையும் ஓட்டினேன். கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். கால் மணி நேரம். ஒன்றுமில்லை. உலாவியின் நீட்சிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்க அனுமதி வாங்கியிருந்தவை மூன்று. இரண்டு எனக்கு எதற்கென்றே தெரியவில்லை, தூக்கிவிட்டேன்.

ஆக, இப்போது என் கையில் இருந்தது ஒரு "இல்லை". காசு வாங்கிய மென்பொருள் என்னிடம் ஒருபோதும் சொல்லாத சொல் அது. கணினி இல்லை என்றால் வேறு எங்கே?

தூண்டில் போட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். கேனரிடோக்கன்ஸ் என்று ஓர் இலவசச் சேவை, திங்ஸ்ட் நிறுவனம் நடத்துவது. அதில் ஒரு வேர்டு கோப்பு செய்து வாங்கினேன். இணையத் தொடர்புள்ள இடத்தில் யாராவது அதைத் திறந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும். "புதிய விலைப்பட்டியல்" என்று பெயர் வைத்து, டெஸ்க்டாப்பில் நடுநாயகமாகப் போட்டேன். மூன்று வாரம். ஒருவரும் தொடவில்லை. சோதித்துப் பார்க்க நானே ஒரு தடவை திறந்தேன், உடனே எச்சரிக்கை வந்தது. தூண்டில் வேலை செய்தது, மீன்தான் இல்லை.

இரண்டாவது தூண்டில் மின்னஞ்சலில். எனக்கு நெருங்கிய ஒரு பதிப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லி, உலகத்திலேயே இல்லாத ஒரு நானூறு பக்கப் புத்தகத்துக்குக் கொட்டேஷன் அனுப்பினேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று அவர் அஞ்சலிலேயே பதில் போட்டார். நாலாவது நாள் அவரிடமிருந்து போன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "உங்க பழைய பங்காளி பேசினார். நானூறு பக்க வேலை ஒண்ணு இருக்காமேன்னு கேக்கறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜிமெயிலை உலாவியில் திறந்து, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் கடைசிக் கணக்குச் செயல்பாட்டின் விவரத்தைப் பார்த்தேன். எந்த நேரம், எந்த ஐபி முகவரி, உலாவியா கைபேசியா என்றெல்லாம் காட்டும். எல்லாம் நான்தான். சாதனங்கள் பட்டியலில் என் கணினி, என் கைபேசி, வேறு எதுவுமில்லை. வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்தேன், முடக்கப்பட்டது என்றிருந்தது. மூடிவிட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்திலேயே, கீழ்விரியும் பட்டியலில், ஒரு முகவரி உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பேன். பார்க்கவில்லை.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்தேன். ஒரு வருடத்தில் அனுப்பிய கொட்டேஷன்கள் 11. கைநழுவியவை 6. பக்கத்தில் ஒவ்வொருவரும் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். போன ஆறு பேரும் அஞ்சலில் பதில் போட்டவர்கள், அடியில் என் விலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க. எனக்கே வேலை தந்த ஐந்து பேரில் நாலு பேர் போனில் பேசி முடித்தவர்கள். ஐந்தாமவர் மட்டும் அஞ்சல், ஆனால் புதிதாக எழுதியது. பழைய கடிதத்தின் வால் அதில் இல்லை. நான் அனுப்புவது கசியவில்லை. எனக்கு வருவதுதான் கசிகிறது.

இதை அண்ணன் மகனிடம் போனில் சொன்னேன். ஒரு நொடி யோசித்தான். "அத்தை, ஃபில்டர் பார்த்தீங்களா?"

ஃபில்டர் இருந்தது. உள்ளே வரும் கடிதத்தில் கொட்டேஷன் என்ற சொல், தமிழிலோ ஆங்கிலத்திலோ, இருந்தால் ஒரு பிரதியை இன்ன முகவரிக்கு அனுப்பு. முகவரி என் பழைய பங்காளியுடையது. அமைத்தது யார் தெரியுமா? நான். நாலு வருடத்துக்கு முன்பு முதுகில் அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் படுத்திருந்தபோது, வாடிக்கையாளர்களுக்கு உடனே பதில் போகட்டுமே என்று நானே உட்கார்ந்து போட்டது. அவருக்குப் போன உறுதிப்படுத்தும் எண்ணைக் கேட்டு வாங்கி நானே உள்ளிட்டேன். பிரிந்தபோது ஞாபகமே இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. முதல் கடிதம் வந்த அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடவுச்சொல்லை மூன்று தடவை மாற்றியும் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஃபார்வர்டு செய்வது ஜிமெயில் சர்வர், என் உத்தரவின் பேரில். யாரும் உள்நுழைவதில்லை, அதனால் உள்நுழைவுப் பட்டியல் சுத்தமாக இருக்கும். கடவுச்சொல் மாறினாலும் உத்தரவு மாறாது. ஒட்டுமொத்த ஃபார்வர்டிங் முடக்கத்தில் இருந்தாலும் ஃபில்டர் தன் வேலையைத் தனியாகச் செய்யும். கைபேசிச் செயலியில் தேடிப் பிரயோசனமில்லை. உலாவியில் திறந்து அமைப்புகளுக்குள் போக வேண்டும்.

அழிக்கும் முன் தேதியோடு திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். இது முக்கியம். பிற்பாடு யாரிடமாவது காட்ட வேண்டிவந்தால் அழித்ததைக் காட்ட முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இது வியாபார விவகாரம். உங்களைக் கண்காணிப்பவர் உங்கள் வீட்டிலேயே இருப்பவர், கோபத்தில் கை நீட்டக்கூடியவர் என்றால், உளவுக் கருவியை எடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது கருவியை எடுப்பது முதல் வேலை அல்ல. அவர் கை படாத வேறொரு போனிலிருந்து யாரிடமாவது உதவி கேட்பதுதான் முதல் வேலை.

ஃபில்டரையும் ஃபார்வர்டிங் முகவரியையும் நீக்கிவிட்டு மீதியையும் துழாவினேன். கணக்கைத் திறக்க வேறு ஒருவருக்கு அனுமதி தந்திருக்கிறேனா, இல்லை. செயலிக் கடவுச்சொற்கள், இல்லை. மீட்பு மின்னஞ்சல் முகவரி... அது எங்கள் பழைய கூட்டு அலுவலகத்தின் பொது முகவரி. அவர் நினைத்திருந்தால் கடவுச்சொல்லை மீட்கும் வழியில் உள்ளேயே வர முயன்றிருக்கலாம். வரவில்லை. பிரதி தானாக வந்துகொண்டிருக்கும்போது கதவை உடைப்பானேன் என்று இருந்திருப்பார்.

இரட்டைச் சரிபார்ப்புக்கு, கணினியில் செருகும் சின்னப் பாதுகாப்புச் சாவியான யூபிகீ இரண்டு வாங்கினேன். ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று பீரோவில். போலித் தளத்தில் ஏமாந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டாலும், சாவி அந்த முகவரிக்குப் பேசாது என்பதுதான் இதன் அழகு. என் பிரச்சினைக்கு இது மருந்தில்லை என்று தெரிந்தே வாங்கினேன். ஃபில்டரை யூபிகீ தடுத்திருக்காது.

அப்படியானால் ஆட்டோரன்ஸ்? அன்றைய பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஓட்டி, பழையதோடு ஒப்பிடச் சொன்னால், புதிதாக முளைத்தவை மட்டும் பச்சையில் தெரியும். இரண்டு நிமிட வேலை. போன மாதம் ஒரே ஒரு பச்சை வரி, அச்சு இயந்திரத்தின் புதுப்பிப்பு நிரல். விண்டோஸ் மட்டும்தான், மேக் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை. பொறுமை இல்லாதவர்களுக்கும் இது இல்லை.

காசு கொடுத்த மென்பொருளை நீக்கிவிட்டேன். அவர்களிடமிருந்து இன்னமும் வாரம் ஒரு கடிதம் வருகிறது, என் கணினி பெரும் ஆபத்தில் இருப்பதாக. நேராகக் குப்பைக்குப் போக ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறேன். இப்போதைக்கு என் அஞ்சலில் இருக்கும் ஒரே ஃபில்டர் அதுதான்.